கடைக்காலுக்குக் கீழே கரிமண்

கொங்கு நாட்டின் கரிமண் காடுகளில் விளைந்த பருத்தியே, 1888-இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை முதல் 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் அடுத்தடுத்து எழுந்த ஆலைகள் வரை, கோயம்புத்தூரின் தொழில் வளர்ச்சிக்கு அடிப்படையாக இருந்தது. பெய்த மழையைப் பல வாரங்கள் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்பினால்தான் அந்த மண் பருத்திக்கு ஏற்றதாக அமைந்தது. பருத்திக்காடுகள் சென்ட் கணக்கில் மனைகளாகப் பிரிக்கப்பட்டு வீடுகள் எழும் இன்றைய நிலையில், சுவர்கள் விரிசல் விடுவதற்கும் கதவுகள் நிலையில் சிக்குவதற்கும் தரை மேலெழும்புவதற்கும் அதே இயல்புதான் காரணமாகிறது. வீட்டுக்காரர் கொத்தனாரைக் குறை சொல்கிறார். கொத்தனார் சிமெண்டையும் எம்-சாண்டையும் குறை சொல்கிறார். சிலர் வாஸ்துவில் பரிகாரம் தேடுகின்றனர். விரிசலில் சாந்து பூசி, வெள்ளையடித்து, அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே விரிசல் மீண்டும் திறப்பதைக் கண்டு மனம் சோர்கின்றனர். இந்தச் செலவும் மனவருத்தமும் பெருமளவு தவிர்க்கக்கூடியவை. மனையை விற்பவர், வாங்குபவர், வரைபடம் போடுபவர், அனுமதி தருபவர் ஆகிய நால்வரில் ஒருவராவது அந்த நிலத்தின் மண் எப்படிப்பட்டது என்பதை எழுத்தில் வைத்திருந்தால், விரிசல்களில் பெரும்பகுதி தோன்றியே இருக்காது.

கரிமண்ணின் போக்கைப் புரிந்துகொள்ள அதன் உள்ளமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். கரிமண்ணின் களித்துகள்களில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் மிகுந்திருக்கிறது. இரண்டு சிலிக்கா அடுக்குகளுக்கு நடுவே ஓர் அலுமினா அடுக்கு அமைந்த மெல்லிய தகடுகளால் ஆன இந்தக் கனிமத்தில், தகடுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் விசை மிகவும் குறைவு. ஆகவே நீர் கிடைத்ததும் அது தகடுகளுக்கு இடையே புகுந்து, நனைந்த புத்தகத்தின் தாள்கள் உப்புவதுபோல அவற்றை விலக்கி, மண்ணின் கன அளவையே பெருக்கிவிடுகிறது. நீர் ஆவியானதும் தகடுகள் மீண்டும் நெருங்க, மண் சுருங்கி, கை நுழையும் அகலத்துக்குக்கூட நிலம் வெடிக்கிறது. செம்மண்ணிலும் களி உண்டு. ஆனால் அதில் மிகுந்திருக்கும் கயோலினைட் வகைக் கனிமத்தின் தகடுகள் இறுகப் பிணைந்தவை என்பதால், நனைவதாலும் காய்வதாலும் அதன் கன அளவு பெரிதாக மாறுவதில்லை. ஒரே மேஸ்திரி, ஒரே சிமெண்ட், ஒரே வரைபடம் கொண்டு செம்மண்ணில் கட்டிய வீடு முப்பது ஆண்டு கீறலின்றி நிற்பதும், கரிமண்ணில் கட்டியது மூன்றாம் ஆண்டிலேயே பிளப்பதும் இதனால்தான்.

கொங்கு நாட்டின் சிக்கல் என்னவென்றால், இங்கே செம்மண்ணும் கரிமண்ணும் மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்து கிடப்பதில்லை. ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே மனைப்பிரிவில், கலந்து கிடக்கின்றன. அடியில் இருப்பது பழமையான நைஸ் பாறை. அது சிதைந்த விதத்தையும், நீர் வடிந்த போக்கையும், சுண்ணாம்புச் சத்தின் அளவையும் பொறுத்து மேட்டில் செம்மண்ணும் தாழ்வில் கரிமண்ணும் உருவாகியுள்ளன. மண்ணியலாளர்கள் இந்த வேறுபாடுகளை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் அது முதலில் விவரிக்கப்பட்ட இடத்தின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர்: பெரியநாயக்கன்பாளையம், பீளமேடு ஆகிய பெயர்கள் கரிமண் வகைகளைக் குறிக்கின்றன, இருகூர், பாலத்துறை ஆகியவை செம்மண் வகைகள். ஓர் ஊரின் பெயர் தாங்கிய மண் அந்த ஊர் முழுவதும் இருக்கும் என்பது இதன் பொருள் அன்று. அந்த வகை மண் வேறு பல ஊர்களிலும் கிடக்கும். இத்தகைய நுட்பமான அறிவு, 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கோவை வேளாண் கல்விக்கூடத்திலும் மாநில மண் ஆய்வு அமைப்பிலும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. ஆயினும் அது பயிருக்காகச் சேர்த்த அறிவு. உரம் எவ்வளவு, பாசனம் எவ்வளவு என்று உழவருக்குச் சொல்லும் அந்த வரைபடங்கள், அதே நிலம் வீட்டுமனையானதும் யாருடைய மேசைக்கும் வருவதில்லை. உழுதவருக்குத் தன் காட்டின் எந்த மூலை கரிமண், எந்த மூலை சுக்காங்கல், எங்கே பள்ளத்து நீர் ஓடியது என்பதெல்லாம் தெரியும். மனை மூன்று கை மாறி, வெளியூரில் வேலை பார்ப்பவர் வாங்கி, சதுரடிக் கணக்கில் கட்டுமானத்தை ஒப்படைக்கும்போது அந்த அறிவு முழுவதும் அறுந்துபோகிறது.

மண்ணின் இந்த இயல்பைத் தூண்டிவிடுவது கோவையின் தட்பவெப்பம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால், தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசுமேயன்றிச் சமவெளியில் மழை குறைவு. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில கனமழைகளாகக் கொட்டித் தீர்கிறது. அதன்பின் தை முதல் சித்திரை வரை நீண்ட வறட்சி. ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கும் நிலத்தில் கரிமண் வீங்கியபடியே நின்றுவிடும். ஆண்டு முழுவதும் காய்ந்தே கிடக்கும் நிலத்தில் சுருங்கியபடியே நிற்கும். இரண்டிலும் வீட்டுக்குத் தொல்லை குறைவு. நனைவதும் காய்வதும் மாறி மாறி நிகழும் கொங்குச் சமவெளி போன்ற இடங்களில்தான் மண் ஆண்டுதோறும் மூச்சுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்த 2016-ஐப் போன்ற ஆண்டில் ஆழம் வரை உலர்ந்த மண், அடுத்து நல்ல மழை கிடைக்கும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக வீங்கும். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் இந்த மேல்மண்டலத்தின் ஆழம், இந்தியக் கரிமண் பகுதிகளில் ஏறத்தாழ 3 முதல் 3.5 மீட்டர் வரை இருக்கும் எனப் பொறியாளர்கள் கொள்கின்றனர். சிறு வீடுகளுக்கு மூன்று, நான்கு அடி வானம் தோண்டிச் சைஸ் கல் வைத்துக் கட்டும் கடைக்கால், முழுக்க முழுக்க இந்த அசையும் மண்டலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பல மாடிக் கட்டடத்தின் எடை மண்ணை ஓரளவு அழுத்திப் பிடிக்கும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டின் எடைக்கு அந்த வலு இல்லை, வீங்கும் மண்ணின் அழுத்தம் வீட்டின் எடையை மிஞ்சிவிடுகிறது. ஆகவே கரிமண்ணின் கேடு முதலில் சேர்வது சிறிய வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும்தான்; அதாவது பழுதுபார்க்கப் பணம் இல்லாதவருக்கு.

சுவரில் தோன்றும் எல்லாக் கீறலும் கடைக்காலின் குறை அன்று; இதைப் பிரித்தறியாமல் அஞ்சுவதும் பணத்தை வீணாக்கும். பூச்சின் மேற்பரப்பில் வலைபோலப் பரவும் மயிரிழைக் கீறல், சிமெண்ட் சாந்து போதிய நீராற்றல் இன்றி விரைவில் உலர்ந்ததைக் காட்டுகிறது. கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரின் நீளத்துக்குக் கிடையாக ஓடும் விரிசல், கோடை வெயிலில் கான்கிரீட் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக இறங்கும் விரிசல், இரு பொருள்களின் மாறுபட்ட இயல்பால் வருவது. தூணில் கம்பியின் தடத்தை ஒட்டித் துருக்கறையுடன் தோன்றும் வெடிப்பு, உள்ளே கம்பி அரிக்கப்படுவதன் அடையாளம். அது கடைக்காலைச் சார்ந்ததன்று எனினும் உடனே கவனிக்க வேண்டியது.

மண் அசைவால் வரும் விரிசலுக்குச் சில தனி அடையாளங்கள் உண்டு. அது ஜன்னல், வாசல் திறப்புகளின் மூலையில் தொடங்கிச் சாய்வாக ஓடும். செங்கல் அல்லது ஹாலோ பிளாக் சுவரில் சாந்து இணைப்புகளைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறும். சுவரின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஒரே இடத்தில் தெரியும். ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருக்கும். அகலம் எந்த முனையில் கூடுகிறது என்பதே நோயின் போக்கைச் சொல்கிறது. கோடையில் வீட்டைச் சுற்றியுள்ள மண் வெயிலில் காய்ந்து சுருங்க, வீட்டுக்கு அடியில் நிழலில் இருக்கும் மண் ஈரத்தை இழக்காமல் நிற்பதால், ஓரச் சுவர்கள் இறங்கி, நடுப்பகுதி மேடாகிறது. அப்போது விரிசல் மேலே அகன்று கீழே குறுகும். மழைக்காலத்தில் இதன் மறுதலையாக ஓரங்கள் வீங்கி எழும்ப, நடுப்பகுதி தாழ்ந்து, விரிசல் கீழே அகன்று காணப்படும். பங்குனியில் திறந்து மார்கழியில் ஏறத்தாழ மூடிக்கொள்ளும் விரிசல், கரிமண்ணின் கையெழுத்து என்றே கொள்ளலாம். மழைக்காலத்தில் சிக்கும் கதவு மரம் ஊறியதால் சிக்கலாம்; ஆனால் கோடையிலும் சிக்கினால், நிலைச்சட்டம் கோணியிருக்கிறது என்று பொருள். வீட்டைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் நடைதளம் சுவரை விட்டு விலகுவது, அறையின் நடுவில் டைல்ஸ் கிளம்பி ஒலிப்பது, சுற்றுச்சுவர் சாய்வது ஆகியனவும் இந்த அடையாளங்களோடு சேர்பவை.

சுற்றுச்சுவரைப் பலரும் பொருட்படுத்துவதில்லை; செலவைக் குறைக்க மிக ஆழமற்ற கடைக்கால் அதற்கே வைக்கப்படுகிறது. ஒரு பக்கம் உயர்ந்த மண்ணைத் தாங்கும் சுவராகவும் அது அமைந்துவிட்டால், மழையில் ஊறிய மண்ணின் எடையும், வெளியேற வழியில்லாத நீரின் அழுத்தமும் அதன்மேல் சேருகின்றன. 2019 டிசம்பர் 2 அதிகாலை, தொடர்மழைக்குப் பின் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் உயர்ந்த கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று வீடுகளின் மேல் சரிந்து 17 பேரைப் பலிகொண்டது. ஈரம் ஏறிய காலத்தில் ஒரு சுவர் எவ்வளவு ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதைக் கோவை மாவட்டத்துக்கு மறக்க உரிமையில்லை. சாய்ந்து நிற்கும் சுவரை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திப்போடுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

இயற்கையான கரிமண்ணோடு, மனிதர் கொட்டிய மண்ணும் கொங்கு நாட்டில் தனிச் சிக்கல். கவலை பூட்டி நீர் இறைத்த காலத்தில் பாறை வரை வெட்டிய அகன்ற தோட்டக் கிணறுகள் இங்கே ஏராளம். ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கிய பின் அவை வறண்டு கைவிடப்பட்டன. தோட்டம் மனைப்பிரிவாகும்போது அந்தக் கிணறுகள் இடிபாடு, குப்பை, கிடைத்த மண் ஆகியவற்றால் நிரப்பப்பட்டு, மேலே கிராவல் பரப்பப்பட்டு, மற்ற மனைகளோடு மனையாக விற்கப்படுகின்றன. திமிசு போட்டு அடுக்கடுக்காக இறுக்கப்படாத அந்த நிரவல், பல ஆண்டுகள் தன் எடையாலேயே தாழ்ந்துகொண்டிருக்கும். வீட்டின் ஒரு மூலை கிணற்றின் மேலும் மறு மூலை பாறையின் மேலும் அமைந்தால், விரிசலைத் தடுக்க எந்தச் சிமெண்டாலும் முடியாது. நொய்யலின் குளங்களை ஒட்டிய தாழ்நிலங்களிலும், நிரவி மறைக்கப்பட்ட ஓடைப் பள்ளங்களிலும் இதே நிலைதான். பழைய புலப்படத்திலும் அ-பதிவேட்டிலும் கிணறும் ஓடையும் குறிக்கப்பட்டிருக்கும். மனை வாங்குவோர் வில்லங்கச் சான்று பார்க்கும் அக்கறையோடு இவற்றையும் பார்ப்பது, கட்டி முடித்தபின் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பைவிடவும் மலிவானது.

விரிசல் கண்ட வீட்டில் முதலில் தேட வேண்டியது நீர். கரிமண்ணுக்கு மழையும் குழாய்க் கசிவும் ஒன்றே. பல வீடுகளில், ஒரு மூலை மட்டும் எழும்புவதன் காரணம் உடைந்த கழிவுநீர்க் குழாயாகவோ, கசியும் நிலத்தடித் தொட்டியாகவோ, சுவரை ஒட்டி அமைந்த செப்டிக் டேங்காகவோ, மொட்டை மாடி நீரைச் சுவரோரத்திலேயே கொட்டும் மழைநீர்க் குழாயாகவோ இருக்கும். சுவரோரம் வாழையும் பூச்செடியும் வைத்து நாள்தோறும் நீர் பாய்ச்சுவதும் இதில் சேரும். மழைநீர் சேகரிப்பைப் பற்றியும் இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட இந்த ஏற்பாடு, நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்ட கோவைக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இடமில்லை என்ற காரணத்தால் கசிவுக்குழியைக் கடைக்காலை ஒட்டியே தோண்டிச் சல்லி நிரப்பிவிடுவது, செம்மண்ணில் தீங்கற்றது; கரிமண்ணில் அது வீட்டின் ஒரு மூலைக்கு மட்டும் நீர் ஊட்டி வீங்கவைக்கும் ஏற்பாடாகிவிடுகிறது. கரிமண் வழியே நீர் மிக மெதுவாகவே இறங்கும் என்பதால், அந்தக் குழியால் நிலத்தடி நீரும் பெரிதாக உயர்வதில்லை. கரிமண் மனைகளில் நீரைச் சுவரிலிருந்து இயன்றவரை விலக்கிக் கொண்டுபோய், களி அடுக்கைத் துளைத்துக் கீழுள்ள சிதைபாறைக்குச் செல்லும் குழாய் வழியே இறக்குவதோ, பயன்படாத கிணற்றில் சேர்ப்பதோதான் வீட்டுக்கும் நிலத்தடி நீருக்கும் ஒருசேர நன்மை தரும். எல்லா மண்ணுக்கும் ஒரே அளவுக் குழி என்னும் வரையறை இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளவில்லை.

மரங்கள் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கின்றன. வேம்பு, வாகை, அரசு போன்ற பெருமரங்கள் வறட்சியில் களிமண்ணின் ஈரத்தை ஆழத்திலிருந்து உறிஞ்ச, அவற்றின் பக்கம் உள்ள கடைக்கால் இறங்குகிறது. முழு வளர்ச்சியில் மரம் எட்டும் உயரத்துக்குக் குறையாத தொலைவில் அதை நடுவது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். சிறு மனைகளில் அது இயலாதபோது சிறிய மரங்களைத் தேர்ந்தெடுப்பதே வழி. இருக்கும் மரத்தை உடனே வெட்டிவிடுவதும் தீர்வாகாது: பல ஆண்டுகளாக உலர்ந்திருந்த மண், உறிஞ்சும் வேர் இல்லாமற்போனதும் மெல்ல நனைந்து வீங்கி, இறங்கிய மூலையை இப்போது மேலே தள்ளும். வீட்டைவிட மரம் மூத்ததாக இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். படிப்படியாகக் கிளைகளைக் கழித்து நீரின் தேவையைக் குறைப்பதே பாதுகாப்பானது. மரத்துக்கும் அது நல்லது.

பழுதுபார்ப்பில் பொறுமை வேண்டும். விரிசலின் இரு கரைகளிலும் பென்சிலால் குறியிட்டு, தேதி எழுதி, மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து, குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கவனித்தால்தான் அது நின்றுவிட்டதா, வளர்கிறதா, பருவத்தோடு திறந்து மூடுகிறதா என்பது தெரியும். குறுக்கே ஒட்டிய மெல்லிய கண்ணாடித் துண்டு உடைந்தால் அசைவு உண்டு என்று அறியும் பழைய முறையும் பயனுள்ளதே. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோலின்படி, 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட விரிசல் பெரும்பாலும் தோற்றக்குறை மட்டுமே. 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை கதவு, ஜன்னல், குழாய்களின் பயன்பாட்டைப் பாதிப்பது. 15-ஐத் தாண்டினால் சுவரின் சில பகுதிகளையே மாற்றிக் கட்ட வேண்டிவரும். 25-ஐத் தாண்டினால் கட்டடத்தின் உறுதியே ஐயத்துக்குரியது. 15 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசலுக்கும், சுவர் வெளிப்புறம் சாய்வதற்கும் ஓராண்டுப் பொறுமை பொருந்தாது. உடனே முட்டுக்கொடுத்துக் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

கவனிக்கும் காலத்திலேயே செய்யக்கூடியதும், பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதுமானதுமான வேலை ஒன்று உண்டு. கசிவுகளை அடைத்து, மழைநீரைக் குழாயில் விலக்கி, வீட்டைச் சுற்றி ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிப்புறம் சரிவான, நீர் புகாத நடைதளம் அமைப்பதே அது. இது நனைவதைக் குறைப்பதோடு, கோடையில் சுவரோர மண் காய்வதையும் தடுப்பதால், மண்ணின் ஈரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கிறது. அசைவு அடங்கியபின் விரிசலுக்குக் குறுக்கே சாந்து இணைப்புகளில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பதித்துத் தைத்தால், சுவர் மீண்டும் ஒன்றாகச் செயல்படும். அசைவு அடங்காத வீட்டுக்குத்தான் அண்டர்பின்னிங் எனப்படும், பழைய கடைக்காலுக்கு அடியில் ஆழமான புதிய ஆதாரம் கொடுக்கும் முறை தேவைப்படுகிறது. ஒரு மீட்டர் அளவுள்ள சிறு பகுதிகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் நிரப்பி, அது இறுகிய பிறகே அடுத்ததைத் தோண்ட வேண்டிய இந்த வேலையை, அவசரப்பட்டு அடுத்தடுத்த குழிகளை ஒரேநேரம் திறந்து செய்தால் சுவரே சரியும். மழைக்காலத்தில் அதைத் தொடங்கவே கூடாது. துளையிட்டுச் சிமெண்ட் பாலை அழுத்திச் செலுத்தும் முறை மணலிலும் தளர்ந்த நிரவலிலும் பயன்படும். களியின் நுண்துளைகளுக்குள் சிமெண்ட் துகள் புகாது என்பதால், கரிமண்ணுக்கு அதைப் பரிந்துரைப்பவரிடம் விளக்கம் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. சுண்ணாம்பு வேறு வகையில் உதவுகிறது: அதன் கால்சியம் களித்துகளில் ஒட்டியுள்ள சோடியத்தை வெளியேற்றி, துகள்களைத் திரளச் செய்து, வீங்கும் ஆற்றலையே குறைக்கிறது. ஆயினும் அது மண்ணோடு நன்கு கலந்தால்தான் பலன் தரும் என்பதால், கட்டிய வீட்டுக்கு அடியில் பயன்படுத்துவதைவிடக் கட்டும் முன் நிலத்தைப் பக்குவப்படுத்தவே அது ஏற்றது.

புதிய வீட்டுக்கு வழிகள் அரிதானவை அல்ல. கொங்கு நாட்டின் பல இடங்களில் கரிமண் அடுக்கு சில அடிகளே தடித்தது; அதற்குக் கீழே சுக்காங்கல்லோ சிதைந்த பாறையோ இருக்கும். அங்கே கடைக்காலை அந்தக் கெட்டி அடுக்கு வரை இறக்குவது ஒன்றே போதும். கரிமண் ஆழமாகக் கிடக்கும் இடத்துக்கு, 1947-இல் ரூர்க்கியில் தொடங்கப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், தினேஷ் மோகன் முதலிய அறிவியலாளர்களின் முயற்சியால் இந்தியக் கரிமண்ணுக்கென்றே ஒரு முறையை வளர்த்தெடுத்தது. கையால் இயக்கும் துளைக்கருவியால் மண்ணில் குறுகிய குழி இறக்கி, அதன் அடிப்பகுதியைக் குடைந்து, தண்டைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விட்டமுள்ள குமிழாக விரித்து, கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பும் அந்தத் தூண், பருவ ஈரம் மாறாத ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கிறது. மேல்மண் வீங்கி இழுத்தாலும் குமிழ் அதை மேலே வரவிடாது. இதற்கான இந்தியத் தர வரையறை 2911-இன் மூன்றாம் பகுதி, ஆழ்ந்த கரிமண்ணில் தூண் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது. தூண்களை இணைக்கும் கிடைவிட்டத்துக்கும் தரைக்கும் இடையே சுமார் 80 மில்லிமீட்டர் வெற்றிடம் விடவும் சொல்கிறது. வீங்கும் மண் விட்டத்தை முட்டாமலிருக்கவே அந்த இடைவெளி. பல கட்டுமானங்களில் அதன் நோக்கம் தெரியாமல் அதில் மண்ணை அடைத்துவிடுகின்றனர். அதோடு முறையின் பாதிப் பயன் போய்விடுகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆர்.கே. கட்டி கண்ட மற்றொரு முறையில், கரிமண்ணின் மேற்பகுதியை அகற்றி, பிடிப்புள்ள ஆனால் வீங்காத மண்ணை ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமனுக்கு இறுக்கிப் பரப்புகின்றனர். கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாய்களில் அது பயன்பட்டது. கொங்கு நாட்டில் கிராவல் மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே வழக்கமாகச் செய்யப்படுவது, வானத்தில் மணலை நிரப்பி அதன்மேல் கட்டுவது. மணல் நீரைத் தடையின்றி உள்ளே விடுவதால், கடைக்காலுக்கு அடியில் மறைவாக ஒரு தேக்கம் உண்டாகி, கரிமண்ணுக்கு நீர் ஊட்டுகிறது.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்லும் முதற்சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் இட்டு, ஒன்றில் வாலைவடி நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் நிரப்பி, 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், மண்ணெண்ணெயில் மண் வீங்காமலும் நீரில் வீங்கியும் இருக்கும். அந்த வேறுபாட்டின் விழுக்காடே தளர்வீக்க எண். இந்தியத் தர வரையறை 1498, இந்த எண் 50-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை எனவும், 100-ஐத் தாண்டினால் கடுமை எனவும், 200-ஐத் தாண்டினால் மிகக் கடுமை எனவும் வகுக்கிறது. கோவையின் பொறியியல் கல்லூரிகளில் மண் ஆய்வுக்கூடம் இல்லாதது அரிது. பல இலட்சம் செலவிட்டுக் கட்டும் வீட்டுக்கு இந்தச் சோதனை செய்யப்படாமலிருப்பதற்குக் காரணம் செலவன்று. கேட்பதற்கு யாரும் இல்லை என்பதே.

சட்டத்தின் பாதுகாப்பு இதில் அரைகுறையானது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால் கட்டுமான நிறுவனமே தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. மனை வாங்கி, மேஸ்திரியிடம் ஒப்பந்தம் பேசித் தானே கட்டிக்கொள்பவருக்கு அது துணைவராது, கொங்கு நாட்டின் சிற்றூர்களிலும் புறநகர்களிலும் பெரும்பாலோர் இவ்வாறே கட்டுகின்றனர். 2021 ஏப்ரலில் அறிமுகமான பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீடு, நிலம் தாழ்வதால் ஏற்படும் சேதத்தை ஏற்றுக்கொண்டாலும், புதிய கட்டடம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசலையும், நிரவிய நிலத்தின் அசைவையும், குறைபட்ட வடிவமைப்பையும் விலக்கிவிடுகிறது. அமெரிக்காவில் வீங்கும் மண்ணால் ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு, வெள்ளம், சூறாவளி, நிலநடுக்கம் ஆகியவற்றின் மொத்த இழப்பையும் மிஞ்சுகிறது என்று 1973-லேயே ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்னும் பொறியாளர்கள் மதிப்பிட்டனர். களிமண் சுருக்கத்தால் பெரும் இழப்பைக் கண்ட பிரான்ஸ், 2018-இல் இயற்றிய சட்டத்தின் வழியே, ஆபத்துள்ள பகுதிகளில் வீட்டுமனை விற்பவரே முதற்கட்ட மண் ஆய்வறிக்கையை வாங்குபவருக்குத் தர வேண்டும் என 2020 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அறிக்கை மனையோடு கைமாறுகிறது. பத்து முறை விற்றாலும் அறிவு அறுபடுவதில்லை.

தமிழகத்துக்கு இதே வழி பொருந்தும். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது, ஏக்கருக்கு இத்தனை இடங்களில் எனச் சோதனைக்குழி தோண்டி, தளர்வீக்க எண்ணையும், நிரவப்பட்ட கிணறு, ஓடைகளின் இருப்பிடத்தையும் வரைபடத்திலேயே குறிக்கச் செய்தால், அந்தச் செலவு நூறு மனைகளுக்குப் பகிரப்பட்டு மிகச் சிறியதாகிவிடும். 2024-இல் சிறு வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட சுயசான்று அனுமதி, மக்களின் அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு. அதிகாரி நேரில் வந்து பார்க்கும் கட்டம் குறைந்துவிட்டதாலேயே, விண்ணப்பத்தில் மண்ணைப் பற்றிய ஒரு பக்கம் சேர்வது முன்பைவிட இப்போது தேவையாகிறது. எல்லாவற்றுக்கும் முன்பாக, அரசு தரும் பணத்தில் எழும் வீடுகளிலிருந்து தொடங்கலாம். 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 இலட்சம் வீடுகளை இலக்காகக் கொண்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. தரைத்தளம் மட்டும் கொண்ட, எடை குறைந்த அந்த வீடுகள், கரிமண்ணில் மிக எளிதாகப் பாதிக்கப்படும் வகையைச் சேர்ந்தவை. விரிசல் விழுந்தால் மீண்டும் செலவிட அந்தக் குடும்பங்களிடம் எதுவும் இல்லை. கடைக்கால் வேலை தொடங்கும் முன் ஒன்றியப் பொறியாளர் அந்த மண்ணின் தளர்வீக்க எண்ணைப் பதிவு செய்வதும், 50-ஐத் தாண்டிய இடங்களில் குமிழ்த்தூண் அல்லது ஆழக் கடைக்காலுக்குரிய கூடுதல் தொகையை மானியத்தோடு சேர்ப்பதும், பல்லடம், சூலூர், உடுமலைப்பேட்டை போன்ற கரிமண் மிகுந்த ஒன்றியங்களில் அடுத்த பயனாளிகள் பட்டியலிலேயே தொடங்கக்கூடியவை.